இரவல் போன தாத்தா

யாராவது வந்து ஒரு தாத்தா வேண்டும் என்று கேட்டால் என் அத்தை இல்லையென்று சொல்ல மாட்டாள். உட்காரச் சொல்வாள். மோர் கொடுப்பாள். "எப்பிடி வேணும்? தலைப்பா கட்டினவரா, கட்டாதவரா?" என்று விசாரிப்பாள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் அப்பாவின் அக்கா. கல்யாணமான நாலாம் வருஷம் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, பிள்ளையும் இல்லாமல், அரியலூரில் இருந்த எங்கள் பூர்வீக வீட்டுக்கே திரும்பி வந்தவள். வந்த புதிதில் பரணில் ஏதோ எடுக்க ஏறியிருக்கிறாள். அங்கே ஒரு பலாமரப் பெட்டி, அதன் ஒரு மூலையில் கரையான். பெட்டியை இறக்கித் திறந்து பார்த்தால் எங்கள் வம்சமே உள்ளே கிடந்தது. செல்லரித்த ஒரு சால்வை, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி, துருப்பிடித்த வாள், பாதக்குறடு, வெற்றிலைச் செல்லம், ஏடு ஒரு கட்டு, கண்ணாடி போட்ட பெரிய படம் ஒன்று, சின்னப் படங்கள் இரண்டு. அன்றைக்குப் பெட்டியோடு உட்கார்ந்தவள்தான். அதன் பிறகு அவளுக்கு வேறு வேலை இருந்ததாக எனக்கு நினைவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது அரியலூர் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. அப்பாவும் அம்மாவும் பெரம்பலூரில். அப்பா அங்கே பத்திரம் எழுதுகிறவர். நான் அத்தையோடு தங்கினேன். அந்த வீட்டில் எதை எடுத்தாலும் வசம்பு வாசனை அடிக்கும். சோற்றில்கூட அடிக்கும். சால்வைக்கு வசம்பு, படத்துக்குப் பின்னால் வேப்பிலை, ஏட்டுக்கு விளக்கெண்ணெய், வாளுக்குத் தேங்காயெண்ணெய் என்று தனித்தனி வைத்தியம் நடந்துகொண்டிருக்கும். துணிக்குத் தட்டுப்பாடு வந்து, ஊரில் ஆளுக்கு இரண்டு வேட்டிக்கு வழியில்லாமல் இருந்த நாளில், எங்கள் கொள்ளுத் தாத்தாவின் கைத்தடி புது மல்லுத்துணி சுற்றிக்கொண்டு இருந்தது.

ஒரு தகர டப்பா நிறைய பால்பற்கள். மூன்று தலைமுறைப் பிள்ளைகளுடையவை. ஒவ்வொன்றையும் எடுத்து, "இது உங்கப்பன் பல்லு. இது உங்க பெரியப்பன். இவனுக்கு அப்பவே சொத்தை" என்பாள். வருஷத்துக்கு ஒரு நாள், மழைக்காலம் முடிந்ததும், அத்தனையையும் வாசலில் கயிற்றுக் கட்டிலில் பரப்பி வெயில் காட்டுவாள். புதிதாக யாராவது தெருவோடு போனால், இந்த வீட்டைக் காலி பண்ணுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, எத்தனை ரூபாய் வாடகை என்று கேட்பார்கள்.

எந்த மனிதரைப் பார்த்தாலும் அவர் முகத்தைப் பங்கு பிரிப்பது அவள் பழக்கம். மூக்கு அம்மா வழி, நெற்றி அப்பா வழி, காது யாரென்று தெரியவில்லை. ஒரு தடவை எங்கள் ஆபீஸ் மேலதிகாரி வீட்டுக்கு வந்திருந்தார். அத்தை அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "உங்க தாடை உங்க வூட்டுத் தாடை இல்லீங்களே" என்றாள். மனிதர் அப்புறம் ஒரு வாரம் ஆபீசில் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. வம்சத்துப் பொருளைப் பத்திரமாக வைக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அத்தை அதைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, பெண் பார்க்க, மாப்பிள்ளை பார்க்க. தங்கள் வீட்டில் பழைய பொருள் ஒன்றும் இல்லையே என்று கூச்சப்படுகிறவர்கள் கொல்லைப் பக்கமாக வந்து கேட்பார்கள். சால்வை போகும், கைத்தடி போகும், செல்லம் போகும். எதற்கு என்று அத்தை கேட்டதில்லை. "நல்ல காரியமா?" என்று மட்டும் கேட்பாள். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். பொருளைக் கொண்டுபோகிறவர் அந்தப் பொருளுக்கு உரியவரின் வம்சத்தை ஏழு தலைமுறை மேல்நோக்கி மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும்.

"சும்மா தூக்கிட்டுப் போவக் கூடாது. யாரு கைத்தடின்னு தெரியாம ஊனினா வழுக்கும்" என்பாள்.

ஒப்பிக்க முடியாதவர்களை உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுப்பாள். ஒரு ராகமாகச் சொல்வாள். ஐந்தாவது தலைமுறைக்கு வரும்போது மூச்சு வாங்குவாள். வந்தவர்களும் அங்கே மூச்சு வாங்கப் பழகிக்கொள்வார்கள். நான் ஆபீசிலிருந்து திரும்பும்போது, வீட்டுக்குள் முன்பின் தெரியாத நாலு பேர் என் முன்னோர் பெயர்களை ஏகக் குரலில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இதனால் அரியலூரில் பாதிப் பேருக்கு எங்கள் வம்சம் எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு தை அமாவாசைக்கு அப்பா பெரம்பலூரிலிருந்து வந்து, படத்துக்குப் படையல் போட்டு, முன்னோர் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற ஜட்கா வண்டிக்கார பாய் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"இல்லீங்க. சிதம்பரத்துக்கு அப்பா பொன்னம்பலம்ங்க. நீங்க மாத்திச் சொல்றீங்க."

பாய் தன் மகன் நிக்காஹுக்குச் சால்வை வாங்கிக்கொண்டு போனவர். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் பாய் சொன்னதுதான் சரி.

வாளைத் தெருக்கூத்துக்காரர்கள் வாங்கிப் போய்ச் சிவப்புச் சாயத்தோடு திருப்பிக் கொடுத்தார்கள். அத்தை அந்தச் சாயத்தைத் துடைக்கவில்லை. "இதுவும் அதோட வரலாறுல சேந்துடுச்சு" என்று அப்படியே எண்ணெய் தடவி வைத்துவிட்டாள். அன்றைக்கு அப்பா சத்தம் போட்டார்.

"நம்ம பரம்பரைய ஊரெல்லாம் மேய வுடுறியே அக்கா. உனக்கே நல்லாருக்கா?"

"பொட்டியில கெடந்தா கரையான் திங்கும்டா. நாலு பேரு கையில கெடந்தா நாலு பேரும் தொடைச்சு வைப்பான்."

"தொடைக்கிறவன் நம்ம பங்காளியா?"

"தொடைக்கிறான்ல? அப்பறம் என்ன."

அப்பாவுக்கு இதில் ஒரே ஒரு பொருள்தான் உயிர். அந்தப் பெரிய படம். அவருடைய தாத்தாவின் படம். தலைப்பாகையும் அடர்ந்த மீசையுமாக வட்ட மேஜை ஓரம் நின்றுகொண்டு, ஒரு கையைத் தடித்த புத்தகத்தின்மேல் வைத்திருப்பார். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கை புத்தகத்தின்மேல்தான் இருந்தது. அப்பா பிறப்பதற்கு முன்பே தாத்தா போய்விட்டார். எங்கள் வீட்டில் அவரை நேரில் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. "படத்தை மட்டும் யாருக்கும் குடுக்காத" என்று அப்பா சத்தியம் கேட்டார். அத்தை சத்தியம் பண்ணவில்லை, மோர் கொடுத்தாள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் எனக்குப் பெண் பார்த்தார்கள். செட்டிகுளத்தில் வெங்காயமும் பருத்தியும் போட்டு முன்னுக்கு வந்த ஒரு குடும்பம். ஜாதகம் பொருந்திவிட்டது. தரகர் வந்து, "பழைய குடும்பம்ங்க, போய்ப் பாத்தா நீங்களே சொல்லுவீங்க" என்றார். அத்தையிடம் இதைச் சொல்லக் கூடாது என்று அப்பா எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சொன்னால் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவளும் வந்துவிடுவாள், பெண் வீட்டில் பால்பல்லைக் காட்டுவாள் என்ற பயம். நான் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அப்பா, நான், அப்பாவின் பெரியப்பா மகன், தரகர், இவ்வளவு பேர்தான் போனோம். பெரியப்பா மகன் எனக்குப் பெரியப்பா. காது மந்தம், மனசு வெள்ளை. கொல்லையில் கால் கழுவப் போனவர் வரத் தாமதமானது. நாங்கள் உள்ளே போனோம்.

கூடத்துச் சுவரில், கதம்ப மாலையும் நெற்றியில் சந்தனப் பொட்டுமாக, எங்கள் கொள்ளுத் தாத்தா தொங்கிக்கொண்டிருந்தார்.

அப்பா ஒருகால் உள்ளேயும் ஒருகால் வெளியேயுமாக நின்றுவிட்டார். அப்புறம் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். கண்ணாடியின் கீழ் மூலையில் ஒரு விரிசல். சின்ன வயசில் அப்பா பம்பரம் விட்டு விழுந்த விரிசல் அது.

பெண்ணின் அப்பா வாட்டசாட்டமான மனிதர். மீசை படத்திலிருந்தவரின் மீசைக்குச் சற்றும் குறைந்ததில்லை. அவர் பெருமையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்க தாத்தாங்க. அந்தக் காலத்துல நாலு ஊருக்கு இவரு சொன்னதுதான் தீர்ப்பு" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ராகமாக ஆரம்பித்தார். "இவருக்கு அப்பா சிதம்பரம். சிதம்பரத்துக்கு அப்பா பொன்னம்பலம்..."

ஒரு பெயர் பிசகவில்லை. ஐந்தாம் தலைமுறையில் அத்தை மூச்சு வாங்கும் இடத்தில் அவரும் மூச்சு வாங்கினார்.

பெரம்பலூர் மாப்பிள்ளை என்று மட்டும் தரகர் சொல்லியிருந்ததால், அரியலூரில் வாங்கிய படம் யார் வீட்டுப் படம் என்று அவருக்குத் தெரியாது. அப்பா என்ன செய்வார்? 'இது என் தாத்தா' என்றால் பத்து உறவினர் முன்னால் ஒரு மனிதரைப் பொய்யன் என்று சொன்னதாகும். தன் அக்கா இரவல் கொடுத்தாள் என்ற மானக்கேடும் வெளியே வரும். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மீசை நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா ஈரக் காலோடு உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார்.

"அட! நம்ம தாத்தா இங்க என்ன பண்றாரு?"

பெண்ணின் அப்பாவுக்கு நெற்றியில் வியர்த்தது. பெரியப்பாவின் காதருகே போய், "யாரு தாத்தாங்க?" என்று கத்திக் கேட்டார்.

"என் தாத்தா. என் அப்பனப் பெத்தவரு."

பெண்ணின் அப்பா சுற்றிலும் பார்த்தார். அவருடைய மச்சான்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனிப் பின்வாங்க வழியில்லை.

"எங்க அப்பாவப் பெத்தவரும் இவருதாங்க" என்றார்.

பெரியப்பா வாயைப் பிளந்தார். பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் பரவியது.

"தாத்தா மாசத்துக்கு நாலு நாளு செட்டிகுளம் மலைக்கு முருகனைக் கும்பிடப் போவாருன்னு எங்கப்பா சொல்லுவாரு. எதுக்குடா நாலு நாளுன்னு நானும் யோசிச்சிருக்கேன். இப்பல்ல தெரியுது! ரெண்டாந்தாரம்! முருகனே ரெண்டு கட்டினவரு, அவரைக் கும்பிடப் போனவரு சும்மாவா வருவாரு?" என்று சொல்லி, பெண்ணின் அப்பாவை இழுத்துக் கட்டிக்கொண்டார். "தம்பி! நீ என் பங்காளிடா!"

பங்காளி என்றால் ஒரே வம்சம். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் அண்ணன் தங்கை முறை. தரகர் சத்தமில்லாமல் செருப்பைத் தேடினார்.

உள்ளே இதெல்லாம் தெரியாமல் பெண்ணைக் காப்பித் தட்டோடு அனுப்பிவிட்டார்கள். பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாம்மா. மொதல்ல உங்க அண்ணனுக்குக் குடு" என்று என்னைக் காட்டினார். அவள் படத்தைப் பார்த்தாள், தன் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போன வாரம் அந்தத் தாத்தா கோணிச் சாக்கில் வந்து இறங்கியதை அவள் கண்ணால் பார்த்தவள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். தட்டில் டம்ளர்கள் கடகடவென்று ஆடின. அவ்வளவுதான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்தக் கடகடப்பிலேயே நான் தீர்மானித்துவிட்டேன்.

வண்டியில் திரும்பும்போது பெரியப்பா வழிநெடுக ஆனந்தக் கண்ணீர் விட்டார். அப்பா கோபத்தை அத்தைக்காகச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

பதினைந்து நாள்கூட ஆகவில்லை, உடையார்பாளையத்தில் எங்கள் பங்காளி ஒருவர், தொண்ணூறு வயசுக்காரர், காலமானார். பெரியப்பா முதல் வேலையாகச் செட்டிகுளத்துக்கு ஆள் அனுப்பினார். புதுப் பங்காளிக்குச் சொல்லாமல் விட்டால் குற்றமாகிவிடும் அல்லவா. வரமாட்டார் என்று நான் நினைத்தேன். மனிதர் வந்துவிட்டார். பதினாறு நாள் தீட்டுக் காத்தார். கருமாதி அன்று குளத்தங்கரையில் பங்காளிகள் வரிசையாக மீசை எடுத்துக்கொள்ள உட்கார்ந்தபோது அவரும் உட்கார்ந்தார். நாவிதர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மீசையைப் பார்த்துத் தயங்கினார்.

"எடுத்துடவாங்க?"

பெண்ணின் அப்பா செத்தவர் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். செத்தவர் முகம்கூட அவருக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, "எடு" என்றார்.

பெரியப்பா என் தொடையில் தட்டினார். "பாத்தியா? ரத்தம் பேசுது!"

இனிமேல் பொறுக்கக் கூடாது என்று அரியலூருக்குப் போனதும் அத்தையிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் ஏட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

"ஏழு தலைமுறையும் சொன்னாரா?"

"சொன்னாரு."

"எதுவும் வுடலியா?"

"வுடல அத்தை."

"அப்பிடின்னா நல்ல மனுசன். சம்பந்தம் பண்ணலாம்."

"எப்பிடிப் பண்றது? அவ எனக்குத் தங்கச்சின்னு ஊரே சொல்லுது!"

அப்போதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. ஏட்டைக் கீழே வைத்தாள். "நீங்களே வந்து, படத்தை நான்தான் இரவல் குடுத்தேன்னு சொல்லிடுங்க" என்றேன்.

"அதெப்பிடி? நம்மள நம்பி வாங்கிட்டுப் போன மனுசன். அவரைச் சபையில வச்சு அம்மணமாக்கச் சொல்றியா?" அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பங்கு பிரிக்கிற பார்வை இல்லை. "பொண்ணு புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்கு."

"சரி, போ. வசம்பு தீந்துபோச்சு, வாங்கிட்டு வா."

மறு வாரம் பெரம்பலூரில் எங்கள் வீட்டில் பங்காளிகள் கூடினார்கள். புதுப் பங்காளியையும் சேர்த்துக்கொண்டு குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிற பேச்சு. செட்டிகுளத்துக்காரரும் மழித்த மேலுதட்டைத் துண்டால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்ரோலுக்குப் பதிலாகக் கரியை எரித்து ஓடுகிற கரிவாயு பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினாள். பஸ் மேட்டில் ஏற மறுத்ததால் பாதி வழி தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவளும் தள்ளினாளாம். முகமெல்லாம் கரி. கரியோடு வந்து சபை நடுவில் நின்றாள்.

"ஒரு விசயம் சொல்லணும். அந்தப் படத்துல இருக்கிறது நம்ம தாத்தாவே இல்ல."

பெரியப்பா பக்கத்திலிருந்தவரிடம், "என்ன சொல்றா?" என்று கேட்டார்.

அத்தை நிதானமாகச் சொன்னாள். தாத்தாவின் அசல் படத்தைப் பெரிதாக்க அவளுடைய அப்பா திருச்சிக்குக் கொண்டுபோனாராம். போகிற வழியில் மழையில் நனைந்து படம் பாழாகிவிட்டதாம். வெறுங்கையோடு திரும்ப மனசில்லாமல், படக்கடை வாசலில் மாதிரிக்கு மாட்டியிருந்த ஒரு படத்தை, மீசை ஒத்துப்போகிறதே என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டாராம். சாகும்போது அவளிடம் மட்டும் சொன்னாராம்.

"அந்தக் கடைக்காரன் அதே படத்தை எத்தனை பேருக்குக் குடுத்தானோ, யாரு கண்டா? செட்டிகுளத்துலயும் ஒண்ணு இருக்கும். அரும்பாவூர்லயும் ஒண்ணு இருக்கும். பாவம், இவங்க அப்பாரும் ஏமாந்திருக்காரு, எங்க அப்பாரும் ஏமாந்திருக்காரு. அதுக்காக ரெண்டு வூடும் பங்காளி ஆயிடுமா?"

செட்டிகுளத்துக்காரர் எழுந்து நின்றுவிட்டார். கை தானாக மேலுதட்டுக்குப் போனது.

"அப்ப நான் பங்காளி இல்லீங்களா?"

"இல்லீங்க. இன்னிக்கு நெலமைக்கு நீங்க மொறைக்கு சம்பந்திதான்."

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீசைக்கா, மகளுக்கா என்று தெரியவில்லை. பெரியப்பாவுக்கு விஷயத்தைக் காதில் கத்திப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. புரிந்ததும் அவருக்குத் துக்கம்தான். ஒரு தம்பி கிடைத்து ஒன்றரை மாதத்தில் போய்விட்டான்.

எல்லாரும் கலைந்த பிறகு அப்பா அத்தையைக் கொல்லைக்கு அழைத்துக்கொண்டு போனார். நான் கிணற்றடியில் இருந்தேன். அப்பாவுடைய குரல் நடுங்கியது. அவர் கோபமாக இருந்தால் நடுங்காது.

"நெசமா சொல்லு. அது தாத்தா இல்லியா?"

"கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்டா."

"நான் அதக் கேக்கல. முப்பது வருசமா படையல் போட்டிருக்கேன். உழுந்து உழுந்து கும்புட்டிருக்கேன். யாரைக் கும்புட்டேன் நான்?"

அத்தை முகத்துக் கரியை முந்தானையால் துடைத்தாள். "கும்புட்டது வீணாப் போவாதுடா. யாருக்காவது போய்ச் சேந்திருக்கும்."

அதோடு அப்பா அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் சொன்னது உண்மையா, எனக்காகக் கட்டிய கதையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் அலையவும் இல்லை. எனக்கு ஒரு தாத்தா குறைந்து ஒரு பெண்டாட்டி வந்தாள். அப்பாவுக்கு அப்படியில்லை. பத்திரத்தில் பிறத்தியாருடைய வம்சாவளியை எழுதி எழுதியே வயிறு வளர்த்தவர் அவர். அவருடைய வம்சத்திலேயே ஒரு முகத்தின்மேல் அடித்தல் விழுந்துவிட்டது. நிச்சயதார்த்தம், ஜவுளி, பந்தல் எல்லாம் பேசி முடிக்க மூன்று மாதம் ஆனது. மூன்று மாதமும் அத்தையும் அப்பாவும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். ஒரே அறையில் இருந்தபோதும் அப்படித்தான். "உங்கத்தைகிட்டக் கேளு, மஞ்சள் எத்தனை வீசைன்னு." "உங்கப்பன்கிட்டச் சொல்லு, என்னைய எதுக்குக் கேக்குறான்னு." அத்தை வீம்பாகத்தான் இருந்தாள். ஆனால் அந்த மூன்று மாதத்தில் எதையும் யாருக்கும் இரவல் கொடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களுக்கு மோர் மட்டும் கொடுத்து அனுப்பினாள். படம் செட்டிகுளத்திலிருந்து கோணிச் சாக்கிலேயே திரும்பி வந்தது. அதைப் பிரிக்காமல் மூலையில் சாய்த்து வைத்திருந்தாள்.

கல்யாணம் தை மாதம், செட்டிகுளத்தில் பெண் வீட்டுப் பந்தலில். நான் மணையில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் அவள். அத்தை கைம்பெண் என்பதால் பந்தலுக்குக் கடைசியில், சமையல் கொட்டகையை ஒட்டி நின்றாள். தாலி கட்டுவதற்கு முன்னால் இரண்டு வீட்டு முன்னோர் பெயரையும் சபையில் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் பக்கம் அப்பா சொன்னார். தாத்தா பெயர் வந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியது, சொல்லிவிட்டார். அடுத்து பெண் வீட்டார்.

மாமனார் தன் அப்பா பெயரைச் சொன்னார். அதோடு நின்றுவிட்டார். மனப்பாடமாக இருந்தது எங்கள் வம்சம்தான். அதை இங்கே சொல்ல முடியாது. தன்னுடையதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "அது வந்துங்க... தாத்தா பேரு..." என்று துண்டைப் பிசைந்தார். மச்சான்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது. அதே ராகம்.

"அவருக்கு அப்பா உப்பு வண்டி மருதமுத்து! கடற்கரையிலேருந்து இந்த ஊருக்கு உப்பு ஓட்டிட்டு வந்தவரு! மருதமுத்துக்கு அப்பா காத்தான்! காத்தானுக்கு அப்பா வீரமுத்து!"

படம் இரவல் வாங்கப் போன அன்று, 'மொதல்ல உன் தாத்தா யாருன்னு சொல்லு, அப்பறம் என் தாத்தாவத் தூக்கிட்டுப் போ' என்று அத்தை அவரிடம் கேட்டிருக்கிறாள். வேறு யாரிடமும் சொல்லாததை அவர் அவளிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறார். இது அவரே எனக்குப் பின்னால் சொன்னது. அப்போது எனக்குத் தெரியாது. உப்பு வண்டி என்ற சொல்லுக்குச் சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்ததும், மாமனார் தலை குனிந்ததும்தான் தெரிந்தது. என் பக்கத்திலிருந்தவள் தலை நிமிர்ந்து அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சமையல் கொட்டகைத் தட்டியை விலக்கிக்கொண்டு, கையில் சாம்பார்க் கரண்டியோடு சமையல்காரர் வெளியே வந்தார். அரும்பாவூரிலிருந்து பேசி அழைத்து வந்தவர். அன்று காலையில்தான் மாமனார் அவரை உப்பு குறைகிறது என்று திட்டியிருந்தார்.

"மருதமுத்து பேரை யாருங்க சொன்னது?"

"நான்தான். ஏன்?" என்றாள் அத்தை.

"உப்பு வண்டி மருதமுத்துவும் எங்க தாத்தாவும் கூடப் பொறந்தவங்கம்மா. ரெண்டு வண்டி. ஒண்ணு இந்த ஊருல தங்கிடுச்சு, இன்னொண்ணு அரும்பாவூர் வந்துடுச்சு. அவங்க வாரிசு எங்கயோ இருக்குன்னு எங்க அப்பா சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு." அவர் மாமனாரைப் பார்த்தார். கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டியது. "அப்ப நீங்க எனக்கு அண்ணன் மொறைங்களா?"

மாமனார் மெதுவாகத் தலை நிமிர்ந்தார். பாதி வளர்ந்த மீசைக்குக் கீழே உதடு துடித்தது. ஒரு அடி எடுத்து வைத்தார். அதற்குள் அத்தை சமையல்காரரை வழிமறித்துக்கொண்டாள்.

"இரு, இரு. சும்மா சொல்லக் கூடாது. உன் தாத்தா பேரு என்ன?"

"சின்னமுத்துங்க."

"அவருக்கு அப்பா?"

"காத்தான்."

"அவருக்கு?"

"வீரமுத்துன்னு நெனைக்கிறேங்க..."

"நெனைக்காத. நல்லா யோசிச்சுச் சொல்லு. காது கொஞ்சம் ஒத்துப்போவுது. எங்க, வெளிச்சத்துக்குத் திரும்பு, மூக்கப் பாப்போம்."

மேளக்காரர் அடிக்கலாமா வேண்டாமா என்று குச்சியைத் தூக்கியபடி இருந்தார். என் கையில் தாலி. முகூர்த்தம் நழுவிக்கொண்டிருந்தது. பெரியப்பா, "யாரு? இன்னொரு பங்காளியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கொட்டகையிலிருந்து அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அத்தை சமையல்காரரின் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அப்பா எழுந்தார். மூன்று மாதமாக அவளைப் பார்த்துத் திறக்காத வாயை, அவ்வளவு பெரிய பந்தலுக்கும் கேட்கும்படி திறந்தார்.

"அக்கா! அவனைத் தாலியக் கட்ட வுடு அக்கா! அப்பறமா விசாரிச்சுக்க!"

அத்தை திரும்பிப் பார்த்தாள். தம்பி தன்னிடம்தான் பேசினானா என்று ஒரு கணம் சந்தேகப்பட்டவள்போல நின்றாள். கையை மட்டும் சமையல்காரரின் தாடையிலிருந்து எடுக்கவில்லை.

"இருடா, கத்தாத. இன்னும் ஒரு தலைமுறைதான்" என்றாள்.